முதல் மாதம் இலவசம்

மைசூரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். என் அறையில் என்னோடு தங்கியிருப்பவள் ஸ்டெல்லா. ராமாபுரத்துப் பெண், அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. அவள் போனில் கேமரா போய்விட்டதால், அம்மாவை வீடியோவில் பார்க்க என் போனைத்தான் எடுப்பாள்.

இரண்டு மாதமாக என் பேங்க் கணக்கிலிருந்து மாதம் முந்நூறு ரூபாய் காணாமல் போனது. வேறு யார் என் போனைத் தொடுகிறார்கள்? லாக் நம்பரை மாற்றினேன். குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோனேன். அவள் கேட்டபோது, "சார்ஜ் இல்லை" என்று பொய் சொன்னேன். பிறகு அவள் கேட்கவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பேங்கில் இருந்த பெண் என் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மேடம், மாசாமாசம் பணம் எடுக்க நீங்களே பின் நம்பர் போட்டு அனுமதி கொடுத்திருக்கீங்க. இந்த ஆன்லைன் கடையில ஏதாவது வாங்கினீங்களா?"

டியூட்டிக்கு வெள்ளை ஷூ வாங்கியிருந்தேன். 'உறுப்பினர் சலுகை, முதல் மாதம் இலவசம்' என்ற கட்டத்தில் முன்கூட்டியே டிக் இருந்திருக்கிறது. நான் படிக்காமல் பணம் கட்டியிருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து சந்தா தானாகப் போயிருக்கிறது.

அறைக்கு வந்து ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவளைச் சந்தேகப்பட்டதையும் சேர்த்து.

"தெரியும்க்கா," என்றாள்.

அந்தச் சந்தாவை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. உதவ அவள் கை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"நான் தொடலாமாக்கா?"

போனை அவள் கையில் வைத்து, புது லாக் நம்பரைச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் நிறுத்திக் கொடுத்தாள்.

பணம் போவது நின்றுவிட்டது. ஆனால் இன்றும் அவள் கேட்காமல் என் போனைத் தொடுவதில்லை.