இஞ்சினைக் கழுவிய பாவம்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் கெடுத்தது சங்கை அல்ல, என் பெயரை. அதுவும் ஒரு தப்பும் செய்யாமல், ஒரு காரின் இஞ்சினைச் சுத்தமாகக் கழுவியதால். யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் காது சுடுகிறது.

அப்போது அஜ்மானில் குடியிருந்துகொண்டு துபாயில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். தினமும் என் காரில் இரண்டு பேர் கூட வருவார்கள். முன் சீட்டில் நாகூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். துபாயின் தேராப் பகுதியில் செல்போன் உறையும் சார்ஜரும் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். என்னைவிட மூத்தவர். அவர்கள் ஊரில் முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பின் சீட்டில் என் பில்டிங்கிலேயே இருந்த ஒரு மலையாளி. ஏறியதும் தூங்கி, இறங்கும்போது விழிப்பவர். வருஷக்கணக்கில் கூட வந்தும் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஊரோடு போய்விடுவதென்று முடிவு செய்து வேலைக்கு நோட்டீஸ் கொடுத்தபோது, காரை நானா கேட்டார். பல தடவை டெஸ்ட்டில் தோற்று அப்போதுதான் லைசன்ஸ் வாங்கியிருந்தார். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் முன் சீட்டும் ஏசியும்தான். "தம்பி வண்டின்னா நான் கண்ண மூடிக்கிட்டு வாங்குவேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற மனிதருக்கு, கண்ணைத் திறந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத வண்டியாகக் கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. எனக்குச் சுத்தம் கொஞ்சம் அதிகம். என் மனைவி அதை வியாதி என்பாள்.

தெருவில் வைத்துக் கழுவினால் முனிசிபாலிட்டிக்காரன் பிடித்துக்கொள்வான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரிந்த டயர்க் கடையின் பின்புறம் வண்டியைக் கொண்டுபோனேன். கடை பக்கத்திலேயே இருந்தாலும், இஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்தேன். சூட்டோடு தண்ணீர் பட்டால் இரும்பே விரிசல் விடும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி ஒதுக்கினேன். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காயில்கள், காற்று இழுக்கும் வாய் என்று ஈரம் ஆகாத இடங்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பையைச் சுற்றி டேப் ஒட்டினேன். பிரஷர் பம்பைக் கிட்டேயே விடவில்லை. கழுவுகிறேன் பேர்வழி என்று அதை வைத்துப் பீய்ச்சி அடித்து, ஒயர்களுக்குள் தண்ணீர் இறங்கி, நடுரோட்டில் வண்டி படுத்த பிறகு தலையில் கை வைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து, பெயின்ட் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால் கொஞ்சம் கொஞ்சமாக அலசி, துணியால் ஒற்றி எடுத்தேன். டயருக்குக் காற்றடிக்கிற குழாயைத் தள்ளிப் பிடித்து மூலைகளில் தங்கிய ஈரத்தை விரட்டினேன். பைகளைப் பிரித்து, எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பேட்டரியை மாட்டினேன். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. மகளைத் தலை குளிப்பாட்டிப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் தகப்பனைப் போல நின்று பார்த்தேன்.

அன்று மாலை நானா வந்தார். தனியாக வரவில்லை. கூடவே ஒரு பாகிஸ்தானி மெக்கானிக்.

"நம்ம கடைக்குப் பக்கத்து கராஜ்ல இருக்குற பாய். சும்மா ஒரு பார்வை பாக்கட்டும் தம்பி. வீட்ல போன்ல சொன்னாக" என்று கூச்சத்தோடு சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறவர் இரவல் கண் ஒன்றைக் கூட்டி வந்திருந்தார். எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் பெருமையோடு பானெட்டைத் திறந்து காட்டினேன்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார்.

"இஞ்சன் வாஷ் கியா?"

"ஹாங் பாய்" என்றேன்.

"கியோன்?"

ஏன் என்று கேட்கிறார். விற்கப்போகிற வண்டியின் இஞ்சினைக் கழுவுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது கராஜ்காரர்களின் பால பாடமாம். ஆயில் கசிந்திருந்தால் அதன் தடம் தூசியில்தான் தெரியும். தூசியைத் துடைத்தவன் தடத்தைத் துடைத்தவன். எனக்கு அது சத்தியமாகத் தெரியாது. பேட்டரியைக் கழற்றியதையும் பை சுற்றியதையும் என் அரைகுறை இந்தியில் விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்க, திருடன் தான் பூட்டை உடைத்த பக்குவத்தைச் சொல்வதுபோல எனக்கே கேட்டது. மெக்கானிக் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் மிச்சமிருந்த டேப் பசையை நகத்தால் சுரண்டி, நானாவைப் பார்த்தார். நானா என்னைப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே முகம்தான்.

"அபி லீக் மாஃபி" என்றார் மெக்கானிக். மாஃபி என்றால் அரபியில் இல்லை. இங்கே பிழைக்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிற சொல். இப்போதைக்குக் கசிவு இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "லேகின்..." என்று இழுத்தார். ஆனால், சில நாள் ஓட்டிப் பாருங்கள், இருந்தால் தானாக வெளியே வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து தொடங்கியது. தினமும் தேராவில் இறங்கியதும் நானா உடனே கடைக்குப் போகமாட்டார். செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்து வண்டிக்கு அடியில் ஒரு பார்வை. காதுவரை சூடேற, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் நிமிர்ந்தவர், "ஏதோ சொட்டுதே தம்பி" என்றார்.

"ஏசி தண்ணி நானா. இந்தப் புழுக்கத்துக்கு எல்லா வண்டியிலயும் சொட்டும்."

"அப்படியா" என்றார். அந்த 'அப்படியா'வில் இருந்தது நம்பிக்கை அல்ல, மரியாதை. அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வண்டி எனக்குச் சொந்தமான காலமெல்லாம் ஒரு நாளும் குனிந்து பார்க்காதவன், மறுநாள் அவர் வருவதற்கு முன்னால் நானே குனிந்தேன்.

அவர் பில்டிங் வாசலில் வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தபோது, அடியில் தண்ணீர் சொட்டித் தரை நனைந்திருந்தது. இதைப் பார்த்து மறுபடி சந்தேகப்படுவாரே என்று பழைய துணியை எடுத்து, முட்டி போட்டு, தரையைத் துடைத்தேன். சொட்டு விழுகிற குழாய் முனையையும் துடைத்தேன். நிமிர்ந்தால் எதிரே நானா. கையில் எனக்கும் சேர்த்து வாங்கிய டீ. வழக்கமாக வீட்டிலிருந்து நேராக இறங்கி வருகிறவர், அன்று டீக்கடைப் பக்கமிருந்து வந்திருக்கிறார்.

"ஏசி தண்ணி நானா" என்றேன் மறுபடியும். ஈரத்துணியை நீட்டிக் காட்டினேன். அது ஏற்கெனவே கிரீஸில் கறுத்த துணி.

அவர் டீயை என் கையில் கொடுத்துவிட்டுப் பின் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். அவர் இடித்ததில் விழித்துக்கொண்ட மலையாளி இறங்கி முன் சீட்டுக்கு வந்தார். துபாய் நெருங்கும்போது மலையாளிதான் என் பக்கம் சாய்ந்து மெல்ல, "எந்தா பிரஷ்னம்?" என்று கேட்டார். அவர் குரலை முதன்முதலில் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது.

வேறு ஆளுக்கு விற்றுவிடலாம் என்று தோன்றியது. அதற்கு நானாவே இடம் வைக்கவில்லை. பேசின விலையோடு வந்து, பெயர் மாற்றும் வேலை முடிந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, சொன்ன சொல்லு சொன்னதுதான். வண்டில என்ன இருந்தாலும் இருந்துட்டுப் போவட்டும். மனசுல எதையும் வச்சிக்காதீங்க. நான் மாப்பு குடுத்துட்டேன்."

எதற்கு மாப்பு என்று நாக்கு நுனிவரை வந்தது. மூக்கு நுனியில் கோபம் உள்ளவன் நான். ஆனால் எகிறினால் குட்டு உடைந்து குதிக்கிறான் என்று ஆகும். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டேன் என்று ஆகும். "சரி நானா" என்றேன். செய்த தப்புக்கு வெட்கப்பட்டிருக்கிறேன், அதற்கு ஒரு கரை உண்டு. செய்யாத தப்புக்கு மன்னிப்பை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட வெட்கத்துக்குக் கரையே தெரியவில்லை. அந்த மனிதர் வேறு அதை எவ்வளவு அன்போடு கொடுத்தார்.

ஊருக்குக் கிளம்பிய அன்று என்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான், அதே வண்டியில். என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார். லேன் மாறும்போதெல்லாம் பிஸ்மி சொல்லிக்கொண்டு, நத்தையாக ஓட்டினார். இஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடியது. அதையாவது கவனித்துச் சொல்வார் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தேன். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார்.

இறங்கியதும் அவர் டிக்கியிலிருந்து பெட்டிகளை எடுத்தார். என் தலை என்னைக் கேட்காமலே குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தது. சொட்டிக்கொண்டிருந்தது. விரலை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்து மோந்து பார்த்தேன். தண்ணீர்தான். அது தண்ணீர்தான் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆனாலும் மோந்து பார்த்தேன்.

"என்ன தம்பி, என்ன பாக்குறீக?" என்று பின்னால் நானாவின் குரல்.

பதறி நிமிர்ந்தேன். "மாஃபி நானா, மாஃபி" என்றேன். ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வந்தேன்.

அவர் முகம் இளகிவிட்டது. பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு என்னை இறுகக் கட்டிக்கொண்டார்.

"அதான் அன்னிக்கே குடுத்துட்டேனே தம்பி."