அரண்மனைப் புல்தரையில் கடப்பாரை

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்கு வேலை. கல்யாணம், திருவிழாவுக்கு வாண வேடிக்கை ஆர்டர் வந்தால் நேரில் போய் வெடித்துக் காட்டிவிட்டு வருகிற மூன்று பேரில் நானும் ஒருவன். மூவரில் மூத்தவரான போர்மேனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வலது கையில் முழங்கைவரை தீத்தழும்பு.

போன வைகாசியில் மலையில் ஒரு கல்யாணம். ஒரு காலத்தில் ராஜா குடும்பம் கோடைக்கு வந்து தங்கிய அரண்மனை; இப்போது விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நான் பெரிதாக நினைத்துப் போனேன். ஓடு போட்ட மாடி வீடுதான். ஆனால் தோட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். நூல் பிடித்த மாதிரி நாலு சதுரம் புல், நடுவில் நீரூற்று, சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் வளர்த்து வெட்டிவிட்ட வேலிச்செடி, ஓரமெல்லாம் ரோஜா.

அண்ணன் கடப்பாரையை எடுத்துப் புல்லில் ஒரு போடு போட்டார். எங்கிருந்தோ தோட்டக்காரர் ஓடிவந்து அந்த இடத்திலேயே ஏறி நின்றுகொண்டார். ஐம்பது வயதிருக்கும்.

"இங்க குழி தோண்டக் கூடாது."

"வாணக் குழாயை முக்கால்வாசி மண்ணுல புதைக்கணும்ங்க. சாஞ்சுச்சுன்னா ஆளுகமேல பாயும்" என்று அண்ணன் கையை நீட்டித் தழும்பைக் காட்டினார்.

தோட்டக்காரர் அதைப் பார்த்தார். ஆனாலும் காலை எடுக்கவில்லை. "போன கோடையில இம்புட்டும் கருகிப்போச்சு. ஒவ்வொரு பத்தையா கையால நட்டிருக்கேன்."

அரண்மனை மேனேஜர் வந்து பார்த்து, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று போய்விட்டார். அண்ணன் கடப்பாரையைக் கீழே போட்டார். பிறகு தோட்டக்காரர் எங்களை வேலிக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய நீளமான கல்தொட்டி காலியாகக் கிடந்தது. கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை நாலு பேருமாகச் சுமந்து தொட்டியை நிரப்பிக் குழாய்களைப் புதைத்தோம். புஸ்வாணம் வேலிக்கு மேலே தெரியாது என்று பெண் வீட்டார் குறைப்பட்டார்கள். அதை விட்டுவிட்டு, மேலே போகிறதை மட்டும் ஏழரை மணிக்கு வெடித்தோம். எல்லாம் நேராகப் போயிற்று.

காலையில் வேனில் சாமான் ஏற்றும்போதுதான் பார்த்தேன். நாலு சதுரத்திலும் கருகிய காகிதத் துண்டுகள். ரோஜா இலையெல்லாம் சாம்பல். தோட்டக்காரர் ஒரு வாளியோடு குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் வெடித்த கையோடு வண்டியேறி வந்துவிடுவோம்; கீழே என்ன விழுகிறது என்று நான் நின்று பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டார். "ஏலே, சாக்கை எடுத்துட்டு வா" என்றார்.

பொறுக்கி முடிக்கப் பதினொரு மணியாயிற்று. நடுவில் தோட்டக்காரர் பச்சை நிறம் எப்படி வருகிறது என்று கேட்டார். பேரியம் உப்பு என்று அண்ணன் விளக்கினார். கிளம்பும்போது, வீட்டில் கேட்பாள், ஒரு ரோஜாக் குச்சி கொடுங்கள் என்றார் அண்ணன்.

"உங்க ஊரு வெயிலுக்கு இது வராதுங்க" என்று அவர் கொடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

இப்போதெல்லாம் ஆர்டர் எடுக்கும்போதே தரை மண்ணா புல்லா என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். புல் என்றால் மணல் மூட்டையோடு போகிறோம்.