பிரேக் லைட்டுக்குள் தண்ணீர்: தாராவியிலிருந்து செம்பூர் வரை ஓர் ஆயுத பூஜை மாலை

போன அக்டோபரில் நான் மும்பைக்குப் போனதற்கு ஒரே காரணம், செல்வி அக்கா கார் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். அக்கா என் பெரியம்மா மகள். கல்யாணமாகி தாராவியில் இருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் போய் இருபத்திரண்டு வருஷமாகிறது. ஒரு நாள் திடீரென்று போன் செய்து, "ஆயுத பூஜைக்கு வா தம்பி. மும்பைய நானே ஓட்டிக் காட்டுதேன்" என்றாள். பாளையங்கோட்டையில் என் மருந்துக் கடையை நான்கு நாளைக்குப் பூட்டிவிட்டு ரயிலேறினேன். ஒன்றரை நாள் பயணம். தாதரில் இறங்கி டாக்சி பிடித்தால் லேபர் கேம்ப்புக்கு இருபது நிமிடம்.

வண்டி அத்தானுடையது. பத்து வருஷம் அவர்தான் ஓட்டினார். பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். சரக்குப் போடுவது, வசூலுக்குப் போவது எல்லாம் அந்தக் காரில்தான். சர்க்கரை கண்ணைத் தாக்கியதும் டாக்டர் இனி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டியை விலைக்குக் கேட்டு குர்லாவிலிருந்து ஒரு வொர்க்‌ஷாப்காரர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து போயிருந்தார். அக்கா குறுக்கே விழுந்து, நான் கற்றுக்கொள்கிறேன் என்றாள். அத்தான் ஒரு கண்டிஷனோடு சம்மதித்தார். ஒரே ஒரு முறை போலீஸ் பிடித்தாலும் சாவி அவர் கைக்கு வந்துவிட வேண்டும், வண்டி குர்லாவுக்குப் போய்விடும். அக்காவும் சரி என்று சொல்லியிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் லைசென்ஸுக்கு வயது பதினெட்டு நாள்.

ஆயுத பூஜை காலையில் வண்டியைக் கழுவும் வேலையை நானாகவே ஏற்றுக்கொண்டேன். எனக்கு கார் ஓட்டத் தெரியாது, ஆனால் கழுவத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து டெம்போக்காரரிடம் பிரஷர் பைப் வாங்கி ஒரு மணி நேரம் அடித்தேன். பின்பக்கம் இடது லைட்டில் கறுப்பாக ஒரு டேப் ஒட்டியிருந்தது. பூஜை நாளில் இதென்ன அசிங்கம் என்று அதை நகத்தால் சுரண்டிப் பிய்த்தேன். அடியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அதில் அழுக்கு இருந்தது. அதையும் விடுவேனா? பைப்பை நேராக அதன்மேல் பிடித்தேன். பிறகு துடைத்து, விரிசல் தெரியாதபடி தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

மதியம் இரண்டரைக்குப் புறப்பட்டோம். நான்கு சக்கரத்திலும் எலுமிச்சை நசுங்கியது. அத்தான் பட்டறை வாசலில் நின்று கையை ஒரு முறை உயர்த்தினார்.

முதலில் மாட்டுங்கா மார்க்கெட். சயான் பக்கம் பாலம் வேலை நடப்பதால் சுற்றிப் போக வேண்டும். நான்கு கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆனது. எனக்கு அந்த மெதுவான போக்கே பிடித்திருந்தது. அக்கா ஓட்டும்போது பேசமாட்டாள். நான் வலப்பக்கம் ஆட்டோ, இடப்பக்கம் பைக் என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருக்க, "ஏல, நீ கொஞ்ச நேரம் சும்மா இருந்தியன்னா நான் ரோட்டப் பாப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு நானும் ரோட்டைப் பார்த்தேன். மறுநாள் தசரா. மாட்டுங்கா மார்க்கெட் தெரு முழுவதும் சாமந்தி. கோணிப்பைகளிலிருந்து சரிந்து, நடைபாதையை மூடி, கார் சக்கரம் வரை வந்து கிடந்தது. இரண்டு முழம் எண்பது ரூபாய். ஃபில்டர் காபி முப்பத்தைந்து. கடைக்காரர்கள் பாலக்காட்டுத் தமிழில் விலை சொல்ல, அக்கா திருநெல்வேலித் தமிழில் பேரம் பேச, கடைசியில் இரு தரப்பும் இந்தியில் முடித்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து செம்பூர் ஏழு கிலோமீட்டர். நாலரைக்கு முருகன் கோயில் படியேறினோம். மேலே நிற்கும்போது சின்னதாக ஒரு மழை வந்து, பத்து நிமிடத்தில் போய்விட்டது. ஈரமான ஊர் கீழே விரிந்து கிடந்தது. கட்டடங்கள் எல்லாம் கரைந்து பின்னால் போய்க்கொண்டிருப்பது போலிருந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் இந்தக் கோயிலுக்கு மூன்றே முறை வந்ததாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் யாராவது கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்ததாம். இன்று அவளாகவே வந்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

ஐந்து ஐம்பதுக்குத் திரும்பினோம். நீங்கள் மும்பையில் ஒரே ஒரு கார் பயணம்தான் போக முடியும் என்றால் இந்த நேரத்தில் போங்கள். மழை நின்ற ரோட்டில் வானம் கிடக்கிறது. முன்னால் போகும் வண்டிகளில் எல்லாம் வாழைக்கன்று, மாலை. யாரும் அவசரப்படவில்லை. காருக்குள் சாமந்தி வாசமும் பொரி வாசமும். நான் தூங்கவில்லை, ஆனால் முழித்துக்கொண்டும் இல்லை. சயான் சர்க்கிளுக்குக் கொஞ்சம் முன்னால், ஆறு இருபத்தைந்துக்கு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கை எங்களுக்குக் குறுக்கே நீண்டது.

அக்கா இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சினை அணைத்தாள். எல்லாம் டிரைவிங் ஸ்கூலில் சொன்ன வரிசையில். பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிராஃபிக் ஹவில்தார் வயதானவர். லைசென்ஸை வாங்கித் தேதியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பின்னால் லைட் எரியவில்லை என்றார். நேற்றுவரை எரிந்தது என்று அக்கா இந்தியில் சொன்னாள். அப்படியானால் பிரேக்கை மிதியுங்கள் என்று சொல்லிவிட்டு, என்னைப் பின்னால் வரச் சொன்னார்.

அவள் மிதித்தாள். வலது லைட் எரிந்தது. இடது பக்கம் சந்தனம் மழையில் கரைந்து வழிந்திருந்தது. கண்ணாடிக்குள் பாதி உயரத்துக்குத் தண்ணீர். பின்னால் வந்த வண்டிகளின் வெளிச்சம் அதற்குள் புகுந்து அசைந்து, ஹவில்தாரின் வெள்ளைச் சட்டையில் சிவப்பாக அலையடித்தது. நானும் அவரும் ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். இதில் மீன் விட வேண்டியதுதான் பாக்கி என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் அந்தப் பைப்பைப் பிடித்த என் கை கண்முன் வந்தது.

கெஞ்சிப் பார்த்தேன். அவர் கோபப்படவும் இல்லை, இறங்கி வரவும் இல்லை. மழைக்காலத்தில் பின்னால் வருபவனுக்கு இந்த லைட்தான் கண், என்றார். கையிலிருந்த அபராத மெஷினில் வண்டியைப் படமெடுத்தார். ஐந்நூறு ரூபாய் அபராதம். மெசேஜ் வண்டி உரிமையாளரின் போனுக்குப் போய்விடும் என்று சொல்லி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். உரிமையாளர் என்றால் அத்தான். நாங்கள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே விஷயம் போய்விட்டது. போகும்போது அக்காவிடம் ஒன்று சொன்னார்: நாளெல்லாம் வண்டிகளை நிறுத்துகிறேன், இண்டிகேட்டர் போட்டு நின்றது நீங்கள் ஒருவர்தான்.

அக்கா வண்டியை எடுக்கவில்லை. டேப்பைப் பிய்த்தது, தண்ணீர் அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, அத்தானிடம் நானே சொல்கிறேன் என்றேன். "ஓட்டுனது நான்தான?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். கடைசி இரண்டு கிலோமீட்டரும் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். அவள் அந்த ரோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அத்தான் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா இறங்கியதும் அவர் கையைப் பிடித்துச் சாவியை உள்ளங்கையில் வைத்தாள். நான் முந்திக்கொண்டு டேப் கதையைச் சொன்னேன்.

"அத ஒட்டுனதே நான்தான் மாப்ள, நாலு வருசம் ஆச்சு. அன்னைக்கே லைட்ட மாத்திருக்கணும்" என்றார். போனை எடுத்து மெஷினில் எடுத்த அந்தப் படத்தைக் காட்டினார். எழுத்து தெரியவில்லையாம், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு புது பல்ப்பை எடுத்தார். லைட்டைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, துணியால் துடைத்து, தடவித் தடவி அவரே பல்ப்பை மாட்டினார். விரிசலில் புது டேப் ஒட்டினார். பிறகு சாவியை அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்காமல் நின்றாள்.

"என்கிட்ட இருந்தா பிரேக்க யாருட்டி மிதிப்பா? ஏறு. நான் பின்னால நின்னு பாக்கேன்."

அக்கா ஏறி உட்கார்ந்தாள். அத்தான் வண்டிக்குப் பின்னால் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். சந்து சிவப்பானது. அவர் முகமும் சிவப்பானது.

"தெரியுதா?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"தெரியுது, தெரியுது. விட்டு மிதி." அவள் விட்டு மிதித்தாள். நான்கைந்து முறை மிதிக்கச் சொன்னார். ஒரு முறை போதும் என்று எனக்கே தெரியும்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். மாட்டுங்கா பூ மார்க்கெட்டுக்கு தசராவுக்கு முந்தைய நாள் மூன்று மணிக்கு முன் போய்விடுங்கள். செம்பூர் கோயில் படியில் மழைக்குப் பின் வழுக்கும். எங்கள் மொத்தச் சுற்று இருபது கிலோமீட்டருக்குள்தான், நிறுத்தங்களோடு நான்கேகால் மணி நேரம். வண்டியைக் கழுவினால் லைட்டுகளின்மேல் பைப்பை நேராகப் பிடிக்காதீர்கள், டேப் இருந்தால் இருக்கட்டும். ஓட்டுபவரால் தன் பிரேக் லைட்டைப் பார்க்க முடியாது. அதனால் கிளம்பும் முன் யாராவது ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள்.

போன வாரம் அக்காவிடம் பேசினேன். குர்லாக்காரர் மறுபடி வந்தாராம், அத்தான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம். தினமும் காலையில் அவள் வண்டியில் ஏறியதும் அத்தான் பின்னால் போய் நிற்கிறாராம். எரியுது, போ என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் கியரைப் போடுகிறாளாம்.