அம்மா பாடியது ஆல்டோ

எங்கள் அம்மா கிள்ளானில் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, தம்பிகளுக்குச் சோறாக்கிப் போட்டு வளர்த்தார். திருமணமாகி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அப்பா இறந்தபின் துணி தைத்து எங்களைப் படிக்க வைத்தார். இதெல்லாம் சொந்தக்காரர்களான உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்லவே இந்த நினைவுக் குறிப்பை எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பாட வராது என்று நம் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்.

கிறிஸ்துமஸ்தோறும் எங்கள் சபைப் பாடகர் குழு, இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஓர் ஐரோப்பியக் கூட்டுப்பாடலைத் தமிழில் பாடும். மெட்டு, பெண்களின் உச்சக் குரலான சோப்ரானோவிடம் இருக்கும். அம்மா பாடியது அதற்குக் கீழே துணையாக வரும் தாழ்ந்த பெண் குரலான ஆல்டோ. தனியாகக் கேட்டால் ஒரே சுரத்தில் நிற்கும். திடீரென்று ஒரு படி இறங்கும். எல்லாக் குரலும் சேர்ந்தால்தான் அது பாட்டு. அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறது. முறுக்குப் பிழிந்துகொண்டே அம்மா தன் பகுதியைப் பழகுவார். நீங்கள் கேட்டது அதை மட்டும்தான்.

“என்னா அண்ணி, ரேடியோல ஸ்டேஷன் கிடைக்கலயா? ராகமே வரல லா!” என்பார் காஜாங் அத்தை. “வருஷா வருஷம் அதே பாட்டு, அலுக்கலயா?”

“வருஷா வருஷம் அதே முறுக்கத்தானே வந்து திங்கிற? அலுத்துச்சா?” என்பார் அம்மா. “சர்ச்சுக்கு வந்து கேளு லா.”

ஒருவரும் போகவில்லை. பலகாரத்துக்கு மட்டும் வந்தீர்கள். அடக்கத்தன்றுகூட, பெட்டியின் பக்கத்தில் நின்று, “பாவம், பாட வராது, ஆனா ஆசை” என்று ஒருவர் சொல்ல, நாலு பேர் சிரித்தீர்கள். நான் மறக்கவில்லை.

கடைசிக் கிறிஸ்துமஸில் மூச்சிரைப்போடு நாற்காலியில் உட்கார்ந்து அம்மா பாடினார். முடிவுப் பகுதிக்குச் சபையே எழுந்து நிற்பது வழக்கம். அம்மாவும் எழுந்து நின்றுதான் முடித்தார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அத்தை முதன்முறையாக வந்தார். பாட்டு முடிந்ததும், “நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நடுவுல என்னமோ பள்ளமா இருக்கே?” என்றார்.

“அதுதான் அத்தை, அம்மா பாடுன எடம்” என்றேன். அத்தை அழுதார். நான் சமாதானப்படுத்தவில்லை.

அம்மாவை மருத்துவமனைக்குத் தன் லோரியில் ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், அம்மா உட்காரும் நாற்காலியை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கும் பாடகர் குழுவுக்கும் எங்கள் நன்றி. சிரித்தவர்களுக்கு நன்றி இல்லை.

இன்றைய நினைவு ஆராதனையில் ஆல்டோவை மட்டும் தனியாகப் பாடச் சொல்லியிருக்கிறேன். மெட்டைத் தேடாதீர்கள். எழுந்து நில்லுங்கள்.