முகமூடிக்குள் இருந்த குரல்

குண்டு போடும் விமானப் படம் என்றால் எனக்கு லீவு விட்ட மாதிரி. வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் பிழைப்பு. வெள்ளைக்காரன் உதடு மூடும் இடத்தில் தமிழிலும் உதடு மூடும் எழுத்து வரவேண்டும், அவன் வாயைப் பிளந்தால் நம் ஆளும் பிளக்கவேண்டும். ஒரு சாதாரண 'மன்னிச்சிடு'வுக்கு அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். பழைய போர் விமானத்தில் அந்தத் தொல்லை கிடையாது. மேலே ஏறியதும் எல்லாரும் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொள்வார்கள். உதடே தெரியாது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலேயும் விமானப்படையின் பயிற்சி விமானங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் ஒன்று, தலைக்கு மேல் ஒன்று. எது இரைகிறது என்று தெரியாமல் ஹெட்போனைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் பாதிப் பகல் போய்விடும்.

என் கணவர் டப்பிங்கில் குரல் கொடுப்பவர். வில்லன், போலீஸ் கமிஷனர், கடவுள் எல்லாரையும் பேசியிருக்கிறார். சர்ச்சில் அவர் வேதபாடம் வாசித்தால் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். போன வருஷம் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, குரலைத்தான் கொண்டுபோய்விட்டது. திரும்பி வந்த குரலில் காற்றும் கரகரப்பும்தான் இருந்தன. நாலு வார்த்தைக்கு மேல் மூச்சு நிற்காது. போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். மாதக்கணக்காகச் சரியாகிக்கொண்டே இருக்கிறது. ஸ்டுடியோக்களில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். குரலை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் என்னிடமும் சைகைதான். காபி வேண்டுமா, வேண்டாமா என்பதைக்கூட நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அலுத்துப்போயிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் இந்தப் படம் வந்தது. விமானத்தின் வால் பக்கம், கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து சுடுகிற ஒருவன். படம் நெடுக முகமூடி. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே முன்னால் இருக்கும் பைலட்டுக்கு ஒயர் வழியாகக் கரகரவென்று கத்துவான். பார்த்ததுமே இவன் என் வீட்டுக்காரர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவன் பேச்சையெல்லாம் வெட்டி வெட்டி நாலு வார்த்தைக்குள் கொண்டுவந்தேன். "இடப்பக்கம் ஒருத்தன் வர்றான்!" "கீழே இறக்கு, சீக்கிரம்!" ஸ்டுடியோவில் கெஞ்சிக் கூத்தாடி அவருக்கு ஒரு வாய்ப்பு வாங்கினேன்.

கூடவே நானும் போனேன். முதல் டேக்கிலேயே சவுண்ட் இன்ஜினியர் பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கினான். "அக்கா, அண்ணன் பின்றாரு! இதுக்கு கரகர எஃபெக்டே போட வேணாம் போலகீது." அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மத்தியானம் டீக்கடையில் அவரே வாயைத் திறந்து ரெண்டு பஜ்ஜி கேட்டு வாங்கினார். நான் இன்னும் ரெண்டு வாங்கி அவர் தட்டில் வைத்தேன்.

கடைசிக் காட்சி ஒன்று பாக்கி இருந்தது. விமானம் நொறுங்கிப்போய்த் தரையிறங்குகிறது. அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு, செத்துக்கிடக்கும் நண்பனைப் பார்த்து ஒரே மூச்சில் பேசுகிறான். திரை முழுக்க அவன் முகம்தான். உதடு அசையும் வரைக்கும் வார்த்தை வேண்டும். என்னால் அதில் ஒரு சொல்லைக்கூட வெட்ட முடியவில்லை.

அவர் பேசினார். பாதியில் குரல் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பேசினார். மறுபடியும் அதே இடம். "பரவால்லண்ணா, இன்னொன்னு போலாம்." டேக் கூடக்கூட அந்தப் பையனின் மரியாதையும் கூடிக்கொண்டே போனது. கடைசியில், "போதும்ண்ணா, இருக்கறத வச்சி ஒட்டிக்கிறோம். நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க" என்றான். ரயிலில் இடம் கிடைக்கவில்லை. தாம்பரம் வரை நின்றுகொண்டே வந்தோம். "ஒட்டிடுவாங்க இல்ல?" என்று அவர் ஒரே ஒருமுறை கேட்டார். "ஒட்டிடுவாங்க" என்றேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். ஆராதனை முடிந்து வந்தவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டார். வானத்தில் இருந்தவரை என் கணவர் கத்தினார், சுட்டார், எச்சரித்தார். நன்றாகத்தான் இருந்தது. விமானம் இறங்கியது. அவன் முகமூடியைக் கழற்றினான். உள்ளேயிருந்து வேறு யாரோ பேசினார்கள். சுத்தமான, இளசான குரல். நண்பனுக்காக உருகி உருகி அழுதது.

அவர் கடைசிவரை பார்த்தார். "லிப் கரெக்டா உக்காந்திருக்கு" என்றார். உண்மைதான், உட்கார்ந்திருந்தது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி நாலு நாலு வார்த்தையாக வெட்டி யாரிடமும் கெஞ்சவேண்டாம் என்ற நிம்மதிதான் வந்தது. அது வந்ததற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

விளம்பரம் ஓட ஆரம்பித்தது. அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அடுத்து நீ எழுதப்போற படத்துல மாஸ்க் இருக்கா?"

"இல்லங்க. லவ் படம்" என்றேன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை.