காளியனுக்கு மகன் உண்டா

மாதா கோயில் அலுவலக அறையில் அன்று இருந்தவர்கள் அப்பா, சித்தப்பா, கோயிலின் உபதேசியார், ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான். அம்மா வரவில்லை. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை அவளுக்கு. லீவு போட்டால் எங்கே போனாய் என்று கேட்பார்கள். நாங்கள் போனதோ அந்தப் பண்ணைக்காரருக்கு எதிராக. அக்காவும் வரவில்லை. ப்ளஸ் டூ முடித்து நர்சிங்குக்கு விண்ணப்பித்திருந்தாள். கவுன்சிலிங் கடிதம் வரும் நேரம் என்று தபால்காரரை எதிர்பார்த்து வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அந்தப் பண்ணையின் கடைசிக் கொட்டகை நிற்கும் ஏரிக்கரைக் காடு, ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், எங்கள் பூட்டன் காளியனுடையது. பூட்டன் என்றால் அப்பாவுக்குத் தாத்தா. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் சாதியாருக்கென்று கொடுத்த பஞ்சமி நிலம் அது. வேறு சாதியார் வாங்கினால் செல்லாது. பழைய நிலப் பதிவேட்டில் காளியன் பெயர் இருந்தது. அவர் கைநாட்டு வைத்த உயில் ஒன்றும் எங்கள் தகரப்பெட்டியில் கிடந்தது. அதில் 'என் ஒரே மகனுக்கு' என்று இருந்ததே தவிர, மகன் பெயர் இல்லை. ஊருக்கே தெரிந்த மகனை எதற்குப் பெயர் சொல்லி எழுதுவது என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்ததும், காளியன் பிள்ளையில்லாமல் செத்தான், அனாதையாகக் கிடந்த பூமியைத் தன் அப்பா திருத்தினார் என்று பண்ணைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். தாத்தா காளியனின் மகன்தான் என்று காட்ட ஒரு காகிதமாவது கொண்டு வாருங்கள் என்றார்கள் தாலுகா ஆபீசில்.

தாத்தா அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார். அவர் விட்டுப்போன ஒரே துப்பு இது: ஒரு பஞ்சத்தில் வெள்ளைக்காரச் சாமியார் கஞ்சி ஊற்றினார், பூட்டன் குடும்பத்தோடு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார், மழை பெய்ததும் திரும்பி வந்து கருப்பனாருக்குக் கிடா வெட்டினார். கஞ்சி ஊற்றியவர்கள் எழுதி வைத்திருப்பார்கள் என்பது சித்தப்பாவின் கணக்கு. அது சரியாகவே இருந்தது.

உபதேசியார் தடித்த ஞானஸ்நான ஏட்டைத் தூக்கி வந்து மேசையில் போட்டார். "கண்ணு ஆப்பரேசன் பண்ணிப் பத்து நாள்தான் ஆச்சுங்க. உங்கள்ல ஆரு படிப்பீங்க?"

"எங்க ஊட்டுல எழுத்துத் தெரிஞ்சது இவனும் இவன் அக்காளுந்தானுங்க" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார்.

காலையில் தொடங்கினேன். சோற்று நேரம் தாண்டியும் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் பழைய பெயரை விட்டுப் புதுப்பெயருக்குப் போய்க்கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பூச்சி அரித்த துளைகள். கடைசியில் அகப்பட்டது. எங்கள் ஊர்ப் பெயர், ஏரிக்கரைக் காடு, காளியன் என்கிற சவரிமுத்து, அவன் மகன் நான்கு வயது மாரி என்கிற சின்னப்பன். பள்ளிப் பிரார்த்தனையில் படிப்பதுபோல் உரக்கப் படித்தேன்.

"இன்னொருக்காப் படி சாமி" என்றார் சித்தப்பா. நான்கு முறை படித்தேன்.

அப்பா மெல்லக் கேட்டார். "இதுல எது எங்கப்பன் பேரு?"

அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்தின்மேல் வைத்தேன். வெகுநேரம் எடுக்கவேயில்லை. உபதேசியார்தான் இருமி, ஏடு பழசுங்க என்றார்.

கோயில் முத்திரையோடு கிடைத்த சான்றை நாமக்கல்லுக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்தோம். மழையில் நனைந்தாலும் அழியாது என்று கடைக்காரர் சொன்னதில் அப்பாவுக்கு அவ்வளவு நிம்மதி.

விசாரணை நாளில் பண்ணைக்காரர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தோம். சிரித்தார்.

"மகன்தான். நானே ஒத்துக்கறேன். ஏம்ப்பா, வேதக்காரன் மகனுக்குப் பொறந்தவன் நீ. உம்புள்ளைக்கு இந்துன்னு எப்பிடிச் சாதிச் சான்றிதழ் வாங்குன?"

எங்கள் ஆட்கள் வேதத்தில் சேர்ந்துவிட்டால் சாதிக்கான சலுகை போய்விடும் என்பது சட்டம். அக்காவுக்கு நர்சிங் இடம் அந்தச் சலுகையில்தான் கிடைக்க வேண்டும். பண்ணைக்காரர் இதைச் சொல்லி மனு கொடுத்த வாரத்திலேயே அக்காவின் சான்றிதழ் மெய்யானதா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். பூட்டன் அடுத்த மழைக்கே திரும்பி வந்துவிட்டார் என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

"திரும்புனதுக்கு என்ன ஆதாரம்?"

"கிடா வெட்டுனோமுங்க."

கேட்ட குமாஸ்தா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. போனதை மாதா கோயிலில் எழுதி வைத்திருந்தார்கள். வந்ததை எழுதக் கருப்பனார் கோயிலில் ஏடும் கிடையாது, எழுதத் தெரிந்தவரும் அப்போது கிடையாது.

அன்று மாலை அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கக் கூடாதாடா?" எனக்கு அழுகை வந்தது. தேடச் சொன்னார்கள், தேடினேன், அதில் என்ன தப்பு என்று புரியவில்லை.

கவுன்சிலிங்குக்கு நான்கு நாள் இருக்கும்போது பண்ணைக்காரர் எங்கள் தெருவுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றபடியே பேசினார்.

"புள்ள படிப்பைக் கெடுக்கறதுல எனக்கென்னப்பா சந்தோசம்? அந்த ஏட்டுல இருக்கற காளியன் எங்க ஆளு இல்லைன்னு எழுதிக் குடு. நான் மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன். அவ்வளவுதான்."

அவர் போனதும் சித்தப்பா கத்தினார். "பெத்தவங்களை எப்பிடிண்ணா இல்லைங்கறது? காடும் போச்சு, பாட்டனும் போச்சா?"

"செத்தவரு கோவிச்சுக்க மாட்டாருடா" என்றார் அப்பா. "இவ உசுரோட இருக்கறவ."

அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை.

மறுநாள் பண்ணைக்காரர் காரிலேயே நோட்டரி வக்கீலிடம் போனோம். எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே, அதனால் நானும். முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அதற்கு முன் நான் காரில் போனதில்லை. குளிர்காற்று முகத்தில் அடித்தது. பண்ணைக்காரர் பின்னால் அப்பாவிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். சண்டை தீர்ந்தது, இனி நமக்கும் அவர்களுக்கும் ராசி என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் சொல்லலாம் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே போனேன்.

வக்கீல் தாளை என்னிடம் நீட்டினார். 'மேற்படி காளியன் என்பவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இரத்த சம்பந்தமோ வாரிசு உரிமையோ எக்காலத்திலும் இல்லை.' திக்காமல் படித்தேன். பையன் நல்லாப் படிக்கிறானே என்றார் வக்கீல். அப்பாவும் ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் மை தோய்ந்த கட்டை விரலைத் தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் மை பட்டுவிடுமோ என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி, துடைக்க என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அக்காவுக்கு இடம் கிடைத்தது. கிடைக்கத்தானே இவ்வளவும்.

அன்று வக்கீல் ஆபீசிலிருந்து வெளியே வரும்போது பண்ணைக்காரர் பர்ஸை எடுத்தார். அப்பா தடுத்துவிட்டார். "வேண்டாமுங்க. இது நாங்க குடுக்கறது." முத்திரைத்தாள் இருபது ரூபாய், வக்கீலுக்கு இருநூறு. அம்மா முடிச்சவிழ்த்துக் கொடுத்தனுப்பிய சில்லறையையும் சேர்த்து எண்ணி வைத்தார். இருநூற்று இருபது ரூபாய்.