கூரை வருகிறது, தண்ணீருக்கு வழி வரவில்லை

எங்கள் ஒழுங்கை அயலவர்களின் போன் குழுவில் யாரோ எழுதியிருப்பதுபோல் நான் இன்று கிரேனை மறிக்கவில்லை. புதுக் கட்டிடங்களுக்கு நான் எதிரியுமல்ல. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்கு மேலே, சரிவில், வேறெங்கோ வார்த்த கொங்கிரீட் சுவர்களை லொறியில் கொண்டுவந்து மாட்டி நான்கு மாடி எழுப்புகிறார்கள். டிசைனும் கட்டுவதும் ஒரே கம்பனி. நேற்றைய மழைக்கு அங்கிருந்து சேறு இறங்கி என் குசினி வாசல்வரை வந்துவிட்டது. காலையில் ஏறிப்போய் அங்கிருந்த இளம் எஞ்சினியரிடம் கேட்டேன்.

"கூரைத் தண்ணி எந்தப் பக்கம் போகும் தம்பி?"

"அந்த ட்ரோயிங் இன்னும் வரல்ல அன்டி. இது பாஸ்ட் ட்ராக். கட்டக் கட்டத்தான் டிசைன் வரும்."

"கூரை எப்ப?"

"நாளைக்கு மாட்டுறோம்."

"கண்டி மழைகிட்ட, ட்ரோயிங் வர்ற வரைக்கும் நில்லுன்னு சொல்லிட்டீங்களா?"

பின்னால் நின்ற சுப்பவைசர் சிரித்தார். "அன்டிக்கு வீட்டுல பொழுது போகல்ல போல, சேர்."

என் பொழுது நன்றாகவே போகிறது. என் கணவர் காலமான பிறகு அந்தச் சரிவின் அடியில் நான் தனியாகத்தான் உறங்குகிறேன். மண் இறங்கினால் முதலில் என் கட்டிலுக்குத்தான் வரும். அவசரம் அவர்களுடையது. அதற்காக என் வீடு வடிகானாக முடியாது.

கம்பனியில் யாரையாவது தெரிந்தவர்கள் இதை அனுப்பிவிடுங்கள். கீழே "பாவம் அன்டி" என்று மட்டும் எழுத வேண்டாம்.

கம்பனிக்கு: கூரைத் தண்ணீர் எங்கே போகும் என்பதை, கூரையை ஏற்றுவதற்கு முன், எனக்கு எழுத்தில் தாருங்கள்.